கார்டா, ஈஎஸ்ஐயா, பாலிசியா? தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்குச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டப் போகிறது. "ஈஎஸ்ஐ போயிடுமாங்க, பாலிசி போட்டுடணுமா?" என்று கேட்கிறார் (ஈஎஸ்ஐ என்பது சம்பளத்தில் பிடித்தம் செய்து நடக்கும் தொழிலாளர் அரசு காப்பீடு). காரிமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன், ஏஜென்ட் கொடுத்துவிட்டுப் போன 10 லட்ச ரூபாய் பாலிசித் தாளைப் புரட்டிக்கொண்டே, முதல்வர் கார்டு இருக்கும்போது இது எதற்கு என்று யோசிக்கிறார். அரூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், "பேங்க்ல வருஷா வருஷம் இன்சூரன்ஸுக்குப் பிடிக்கிறாங்களே, அதுவே போதாதா?" என்கிறார்.

அக்காவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பம் நிறைய வீடுகளில் இருக்கிறது. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிப்பது விபத்துக் காப்பீடு. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் வந்தாலோதான் பணம் வரும். 436 ரூபாய் பிடிப்பது ஆயுள் காப்பீடு. இரண்டும் நல்ல திட்டங்கள்தான், தொடரட்டும். ஆனால் ஆஸ்பத்திரி பில்லில் ஒரு ரூபாயைக்கூட இரண்டும் கட்டாது. இவை இருக்கின்றன என்ற தைரியத்தில் மருத்துவக் காப்பீடே எடுக்காமல் இருப்பவர்களின் எண்ணிக்கை எனக்குக் கவலை தருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

விளம்பரத்தில் கண்ணில் படுவது லட்சக் கணக்கு. 5 லட்சம், 10 லட்சம், 1 கோடி. அதைக் கடைசியில் பாருங்கள் என்பேன். மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் நான் வேலை பார்த்தவரை, தொகை தீர்ந்துபோய்த் தவித்த குடும்பங்கள் குறைவு. தொகை முழுதாக இருந்தும் பயன்படுத்த முடியாமல் நின்ற குடும்பங்கள்தான் அதிகம். கார்டு இருக்கும், அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்காது. பாலிசி இருக்கும், அந்த நோய்க்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்குக் காப்பீடு உண்டு, மருமகள் பெயர் விட்டுப்போயிருக்கும்.

அதனால் முதல் கேள்வி, எந்த வாசலில் செல்லும் என்பது. ராத்திரி 11 மணிக்கு நெஞ்சு வலி வந்தால் நீங்கள் எங்கே ஓடுவீர்கள்? தருமபுரிக்காரர் சேலத்தை நினைப்பார். கிருஷ்ணகிரிக்காரர் ஓசூரையோ வேலூரையோ நினைப்பார். ஓசூர்க்காரர் பெங்களூருவுக்கு வண்டியைத் திருப்புவார். அந்த இடத்தில் உங்கள் காப்பீட்டை ஏற்றுக்கொள்வார்களா?

இரண்டாவது, எந்த நாளில் தொடங்கும், எந்த நாளில் நிற்கும். மூன்றாவது, வீட்டில் யாரெல்லாம் உள்ளே, யாரெல்லாம் வெளியே. நான்காவது, எந்தச் சிகிச்சைக்கு உண்டு, எதற்கு இல்லை. எல்லாம் போக உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது ஐந்தாவது. கூலி இழப்பு, பஸ் செலவு, உடன் இருப்பவரின் சாப்பாடு எல்லாவற்றையும் அதில் சேர்க்க வேண்டும்.

## முதல்வரின் காப்பீட்டு அட்டை

2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்ந்தது. இன்றும் நம் ஊரில் பாதிப் பேர் "கலைஞர் கார்டு" என்றுதான் சொல்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பிரீமியத்தை அரசு கட்டுகிறது.

இதன் பெரிய பலம், காத்திருப்புக் காலம் கிடையாது. ஏற்கெனவே சுகர் இருக்கிறதா, இதய நோய் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதும் இல்லை. தனியார் பாலிசிக்காரர் விலகி நிற்கும் 58 வயது இதய நோயாளிக்கு இந்த அட்டை கை கொடுக்கும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் ஒப்புதல் கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

இனி ஓட்டைகள். இது பட்டியல் முறையில் இயங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் எல்லா மருத்துவமனையும் எல்லாச் சிகிச்சைக்கும் அங்கீகாரம் பெற்றிருக்காது. "அந்த ஆஸ்பத்திரியில கார்டு எடுக்கறாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எலும்பு ஆபரேஷனுக்கு உண்மையாக இருக்கும், உங்கள் வீட்டு இதய ஆபரேஷனுக்குச் செல்லாமல் போகும். மருத்துவமனைப் பெயரைச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். சிகிச்சையின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

பட்டியல் மருத்துவமனைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள் இருப்பவை. பாகலூர், ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆட்களுக்கு இது உறைக்க வேண்டும். பெங்களூருவில் சேர்த்துவிட்டுக் கார்டைத் தேடினால் ஏமாற்றம்தான்.

பெயர் விடுபடுவது இன்னொன்று. அட்டை ரேஷன் கார்டை ஒட்டி நடக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் மருமகள் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே கிடக்கும். மகன் தனிக் கார்டு வாங்கியிருப்பான், காப்பீட்டில் சேர்ந்திருக்க மாட்டான். நோயாளி படுக்கையில் இருக்க, வீட்டுக்காரர் ஒருவர் வருமானச் சான்றுக்காக இ-சேவை மையம், விஏஓ, தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று அலைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் நாட்களில் ஆபரேஷன் தள்ளிப்போகும், இல்லையென்றால் நகை அடகுக்குப் போகும். கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு, உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள்.

வெளிநோயாளி செலவுக்கு இதில் இடம் மிகக் குறைவு. மாதாமாதம் வாங்கும் மாத்திரை, சாதாரணக் காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டர் ஃபீஸ், நோய் என்னவென்று தெரிவதற்கு முன் எடுக்கும் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் பெரும்பாலும் உங்கள் கணக்கு.

யாருக்கு நல்லது: வருமான வரம்புக்குள் வரும் எல்லோருக்கும். மற்ற எதை யோசிப்பதற்கு முன்னும் இதை வாங்குங்கள்.

## ஈஎஸ்ஐ

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஈஎஸ்ஐ உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 16,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 120 ரூபாய்தான் பிடித்தம். அதற்குக் குடும்பம் முழுக்க மருத்துவம், மாத்திரை மருந்து உட்பட. தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். இத்தனையும் இந்த விலைக்குத் தரும் தனியார் பாலிசி ஒன்றை எனக்குக் காட்டுங்கள். சம்பளம் உயர்ந்து ஈஎஸ்ஐ போவதைப் "பிடித்தம் மிச்சம்" என்று கொண்டாடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான் வரும்.

வாசல் என்று பார்த்தால் இது குறுகலானது. முதலில் டிஸ்பென்சரி, அங்கிருந்து ஈஎஸ்ஐ மருத்துவமனை (ஓசூரில் ஒன்று இருக்கிறது), அங்கே வசதி இல்லாத சிகிச்சைக்குத்தான் வெளியே ரெஃபரல். நீங்களாகவே தனியாருக்குப் போனால் பணம் வராது. அவசரம் என்றால் விதிவிலக்கு உண்டு, ஆனால் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னால் கேட்க வேண்டும். கிடைப்பதும் அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான். தொழிலாளி ஓசூரில், குடும்பம் பாப்பிரெட்டிப்பட்டியில் என்றால், பக்கத்தில் எந்த டிஸ்பென்சரி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் சிக்கல் 78 நாள் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கட்டணக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால்தான் நோய் விடுப்புப் பணம் போன்ற உரிமைகள் வரும். பெரிய சிகிச்சைகளுக்கும் கட்டிய நாட்களைப் பார்ப்பார்கள். கான்ட்ராக்ட் வேலையில் அடிக்கடி பிரேக் கொடுத்து வேறு பெயரில் சேர்க்கும்போது இந்தக் கணக்குதான் உடையும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், ஆனால் கட்டியிருக்க மாட்டார்கள். ஐபி நம்பரை (ஈஎஸ்ஐயில் உங்களுக்குத் தரும் காப்பீட்டு எண்) வைத்து ஈஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

ஓசூர்த் தம்பியின் கேள்விக்கு வருவோம். சம்பளம் 21,000 தாண்டிய மறுநாளே ஈஎஸ்ஐ நின்றுவிடாது. கட்டணக் காலத்தின் நடுவில் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். மே மாதம் உயர்வு வந்தால் செப்டம்பர் வரை கட்டுவீர்கள். அந்தக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால், அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஆக, கையில் ஓர் ஆண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. தனியார் பாலிசியை உயர்வு வந்த மாதமே எடுத்துவிட்டால், அதன் காத்திருப்புக் காலம் ஈஎஸ்ஐ நிழலிலேயே கொஞ்சம் கழிந்துவிடும். ஓவர்டைம் பணம் சேர்ந்து 21,000 தாண்டினால் பயப்பட வேண்டியதில்லை, வரம்புக் கணக்கில் ஓவர்டைமைச் சேர்ப்பதில்லை.

யாருக்கு நல்லது: வரம்புக்குள் சம்பளம், ஒரே கம்பெனியில் தொடர்ந்து வேலை, சுகர் பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெற்றோர் உள்ள வீடு.

## கம்பெனி தரும் குரூப் பாலிசி

சேர்ந்த நாளிலிருந்தே பெரும்பாலும் எல்லா நோய்க்கும் உண்டு, பழைய நோய் உட்பட. பிரசவமும் பல கம்பெனிகளில் சேர்த்தி. ஓசூரிலும் பெங்களூருவிலும் பெரிய கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு இது வசதியான ஏற்பாடு. பெற்றோரைச் சேர்க்கலாமா, அதற்குத் தனிப் பணமா என்பதை மட்டும் எச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை போன அன்றே காப்பீடும் போய்விடும் என்பதுதான் இதன் பலவீனம். 45 வயதில் வேலை மாறி, நடுவில் மூன்று மாதம் வீட்டில் இருக்கும்போதுதான் மாரடைப்பு வரக் கூடாதா என்ன? வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள விதிகளில் வழி இருக்கிறது, குரூப்பில் இருந்த காலமும் காத்திருப்பில் கழியும். ராஜினாமா கடிதம் கொடுத்த கையோடு இதைக் கேளுங்கள். கணக்கு முடித்து வெளியே வந்த பிறகு யாரும் சிரத்தை எடுத்துச் செய்து தர மாட்டார்கள்.

## சொந்தமாக எடுக்கும் பாலிசி

ஏஜென்ட் கட்டணத்தையும் தொகையையும் சொல்வார். தாளின் பின்பக்கத்தில் இருப்பவற்றை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காத்திருப்பு. விபத்தைத் தவிர எந்த நோய்க்கும் முதல் 30 நாள் பணம் கிடையாது. குடலிறக்கம், மூலம், கண்புரை, கிட்னி கல், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 ஆண்டு. ஏற்கெனவே இருந்த நோய்க்கு 3 ஆண்டு வரை. 2024 ஏப்ரலுக்கு முன் இது 4 ஆண்டாக இருந்தது.

இந்தக் காத்திருப்பு செய்யும் தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. குடலிறக்கம் இருக்கிறது, டாக்டர் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். "இன்னும் எட்டு மாசம் ஓட்டிட்டா பாலிசியில வந்துரும்" என்று மனிதர் பெல்ட் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கப் போகிறார். நடுவில் குடல் சிக்கிக்கொண்டால் சாதாரண ஆபரேஷன் உயிருக்கு ஆபத்தான அவசர ஆபரேஷனாகிவிடும். காப்பீடு இல்லாத ஆள்கூட அரசு மருத்துவமனைக்குப் போய் அப்போதே முடித்துக்கொண்டிருப்பார். பாலிசி வைத்திருப்பவர் பாலிசிக்காகவே தள்ளிப்போடுகிறார். டாக்டர் தேதி சொன்னால் அந்தத் தேதிக்குச் செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனையிலாவது.

மருத்துவமனை என்றால் என்ன. நம் இரண்டு மாவட்டத்துக்கும் இது முக்கியம். பாலிசி விதிப்படி, 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, 24 மணி நேரமும் நர்ஸ், டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் இருந்தால்தான் அது மருத்துவமனை. ஊத்தங்கரையிலோ பாலக்கோட்டிலோ தலைமுறையாக நீங்கள் நம்பிப் போகும் டாக்டரின் நாலு படுக்கை கிளினிக்கில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டாலும், நெட்வொர்க்கில் (காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவமனைப் பட்டியலில்) இல்லை என்பதால் அல்ல, மருத்துவமனையே இல்லை என்பதால் க்ளெய்ம் தள்ளுபடியாகலாம். 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தாலும் பணம் வராது. டயாலிசிஸ், கண்புரை போன்ற ஒரு நாள் சிகிச்சைகள் மட்டும் விலக்கு. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போகும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அந்தச் செலவும் எந்தக் காப்பீட்டிலும் வராது.

அறை வாடகை. 3 லட்ச ரூபாய் பாலிசி, அறைக்கு நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். அறை 24,000, ஆபரேஷன், டாக்டர், மயக்க மருந்து டாக்டர் கட்டணம் 80,000, மருந்தும் உள்ளே பொருத்திய பிளேட்டும் 40,000. மொத்தம் 1,44,000. வாடகை வித்தியாசம் 12,000 மட்டும்தானே கைப்பணம் என்று நினைப்பீர்கள். வரம்பைப் போல இரு மடங்கு அறை எடுத்ததால் ஆபரேஷன், டாக்டர் கட்டணத்திலும் பாதியைக் கழிப்பார்கள். மருந்து, பிளேட்டுக்குக் கழிவு இல்லை. ஆக வருவது 12,000, 40,000, இன்னொரு 40,000, மொத்தம் 92,000. உங்கள் கையிலிருந்து 52,000. கையுறை, பஞ்சு போன்ற சில்லறைப் பொருட்களின் கழிவு தனி. அறை வரம்பு இல்லாத பாலிசிக்குக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டுவது நல்லது. வரம்பு இருந்தால் அட்மிஷனின்போதே, "எனக்கு 3,000 ரூபாய் அறைதான்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஊர் மாறினால். சில பாலிசிகளில் சிறிய ஊர் முகவரிக்குப் பிரீமியம் குறைவு. ஆனால் பெங்களூரு போன்ற பெருநகரத்தில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும், இதுதான் பங்குக் கட்டணம். தருமபுரி விலாசத்தில் மலிவாக எடுத்துவிட்டு பெங்களூருவில் போய்ப் படுத்தால் தெரியும். பெங்களூருவுக்குத்தான் போவோம் என்று தெரிந்த ஓசூர்க் குடும்பம் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மறைக்காதீர்கள். "சுகர் இருக்குன்னு எழுதினா பிரீமியம் ஏறும், விடுங்க சார்" என்று சொல்லும் ஏஜென்ட்டை மாற்றுங்கள். க்ளெய்ம் வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் "பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய்" என்று டாக்டர் எழுதுவார், அந்த ஒரு வரி போதும் தள்ளுபடி செய்ய. தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால் மோசடியை நிரூபித்தால் ஒழிய நிறுவனம் அப்படி மறுக்க முடியாது. ஆனால் அந்த ஐந்து வருடத்துக்குள் நோய் வராது என்று யார் உறுதி சொல்வது?

சாதகமும் நிறைய இருக்கிறது. வருமான வரம்பு கிடையாது, வேலை போனாலும் காப்பீடு நிற்காது, மாநிலம் தாண்டிச் செல்லும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டுவிட்டது. வாங்கிய பிறகு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். முதல்முறை எடுப்பவர்களுக்கு எல்லா நிறுவனத்திலும் ஒரே விதிகளோடு கிடைக்கும் ஆரோக்கிய சஞ்சீவனி ஓர் எளிய தொடக்கம். அறை வரம்பு தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். நம் ஊர் அறைகளுக்கு இது பெரும்பாலும் போதும். பில்லில் 5 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும்.

புதுப்பிக்கும் தேதியை விட்டுவிடாதீர்கள். 30 நாள் சலுகை உண்டு, அதற்குள் கட்டினால் இதுவரை கழித்த காத்திருப்பு வீணாகாது. ஆனால் கட்டாத அந்த நாட்களில் வந்த செலவுக்குப் பணம் கிடையாது. க்ளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

யாருக்கு நல்லது: முதல்வர் கார்டுக்கும் ஈஎஸ்ஐக்கும் வெளியே நிற்பவர்கள், கடைக்காரர்கள், சொந்த வண்டி ஓட்டுபவர்கள், 40 வயதுக்குள் இன்னும் நோய் எதுவும் தொடங்காதவர்கள்.

## காப்பீடு இல்லாமல், அரசு மருத்துவமனையை நம்பி

இதையும் ஒரு வழியாக மதித்தே எழுதுகிறேன். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008இலும், கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளியில் 2022இலும் வந்தன. பாம்புக் கடி, பிரசவம், விஷம் குடித்தவர் என்றால் எந்தக் காப்பீடும் கேட்காமல் பார்க்கும் இடம் அதுதான். வயலில் பாம்பு கடித்தால் கார்டைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சாலை விபத்துக்குத் தனி வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அரசே ஏற்கிறது. எந்த ஊர்க்காரர், கார்டு உண்டா என்று பார்ப்பதில்லை. தொப்பூர் கணவாயும் நான்கு வழிச் சாலையும் நம் ஊடாகப் போகும்போது இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் இது சாலை விபத்துக்கு மட்டும். மாங்காய் பறிக்க ஏறி, சந்தூரில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவருக்கு இது பொருந்தாது. அவருக்கு முதல்வர் கார்டு உதவும், சொந்தப் பாலிசி இருந்தால் எடுத்த முதல் நாளிலிருந்தே விபத்துக்குச் செல்லும்.

சுகர், பிரஷர் மாத்திரைக்கு அரசு வழியை விட்டால் மற்ற எல்லாவற்றிலும் ஓட்டைதான், ஈஎஸ்ஐ தவிர. பணம் இல்லாத மாதம் மாத்திரையை நிறுத்தி, காலில் புண் வந்து, விரலை எடுக்கும்போதுதான் காப்பீடு வேலைக்கு வருகிறது. வீடு தேடி மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பாலிசி வைத்திருப்பவர்களும் இதில் பெயர் கொடுக்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இதன் மறைமுகச் செலவு நாட்கள். ஸ்கேனுக்குத் தேதி, ஆபரேஷனுக்குத் தேதி, உடன் இருக்கும் ஒருவரின் கூலி. சித்தேரி, பெட்டமுகிளாலம் மலைக்காரர்களுக்கு இலவச வைத்தியத்தின் வாசலுக்கு வந்து சேருவதே ஒரு செலவு.

## ஒரே பார்வையில்

| | முதல்வர் கார்டு | ஈஎஸ்ஐ | குரூப் பாலிசி | சொந்தப் பாலிசி |
|---|---|---|---|---|
| யாருக்கு | ஆண்டு வருமானம் 1,20,000க்குள் | மாதச் சம்பளம் 21,000 வரை | கம்பெனி ஊழியர் | யாரும் |
| காத்திருப்பு | இல்லை | பெரிய சிகிச்சைக்கு, பணப் பலனுக்குக் கட்டிய நாள் கணக்கு | பெரும்பாலும் இல்லை | 30 நாள் முதல் 3 ஆண்டு வரை |
| பெங்களூருவில் | நம்ப வேண்டாம் | ரெஃபரல் இருந்தால் | செல்லும் | செல்லும், பங்குக் கட்டணம் பார்க்கவும் |
| மாதாந்திர மாத்திரை | இல்லை | உண்டு | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் இல்லை |
| எப்போது நிற்கும் | வருமானம் கூடினால், பெயர் விடுபட்டால் | சம்பளம் கூடினால், வேலை விட்டால் | வேலை விட்டால் | பிரீமியம் கட்டாவிட்டால் |

## கேட்டவர்களுக்கு

காரிமங்கலத்து அண்ணனுக்கு: வருமானம் வரம்புக்குள் இருக்கும்வரை கார்டே முதல். கடை வளர்ந்து வருமானம் தாண்டிக்கொண்டிருந்தால், அது கைவிட்டுப் போகும் முன், நோய் வருவதற்கு முன், 5 லட்சத்தில் அறை வரம்பு இல்லாத குடும்பப் பாலிசி ஒன்று எடுங்கள். 10 லட்சத்துக்குப் பங்குக் கட்டணத்தோடு எடுப்பதைவிட அது மேல்.

மாதம் 14,000, 15,000 ரூபாய்க்கு ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடையில் இருப்பவர்களின் நிலைதான் எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருவது. கார்டு வரம்பைத் தாண்டிவிட்டார்கள், ஈஎஸ்ஐ அவர்கள் கடைக்குக் கிடையாது, பிரீமியம் பாரம். இவர்களுக்கு என் யோசனை, 3 லட்ச ரூபாய்க்காவது ஒரு சிறிய பாலிசி, மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம், ஆபரேஷனுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஒரு வழி என்ற தயக்கமில்லாத மனசு. பாலிசியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எடுங்கள். சம்பாதிப்பவர் பெயரில் மட்டும் எடுத்துவிட்டு, வீட்டுக்காரம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றதும் கடன் வாங்குவது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது.

அறுபது தாண்டிய பெற்றோருக்குப் புதிதாகத் தனியார் பாலிசி எடுப்பவர்கள், அவர்களைக் குடும்பப் பாலிசியில் சேர்க்காமல் தனியாக எடுங்கள். சேர்த்தால் மூத்தவர் வயதைக் கணக்கிட்டே எல்லோருக்கும் பிரீமியம் ஏறும். 20 சதவீதப் பங்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போகும்போது அப்பா, அம்மாவின் ஆதாரையும் கையோடு எடுத்துப்போய் அதையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.